கண்ணாடி போட்ட அல்ட்ராமேன்

ஒரு ஊருக்குள்ள ராட்சச மிருகம் பூந்துருச்சு. பாதுகாப்புப் படையோட ஜெட்டெல்லாம் சுத்திச் சுத்திச் சுடுது, ஒண்ணும் வேலைக்காகல, இனி அணுகுண்டு போட்டு ஊரோட சேத்து அழிச்சிரலாம்னு முடிவாகுது, ஹீரோ மட்டும் கூடவே கூடாதுன்னு மல்லுக்கு நிக்கிறான். கடைசில வெளிச்சம் வெடிச்சு அல்ட்ராமேன், அதான் ஜப்பான் டிவி தொடர்ல முகமூடியோட வர்ற ராட்சச சூப்பர்ஹீரோ, எழுந்து நிக்கிறாரு. பாத்தா முகமூடியே இல்ல! கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பையனோட சொந்த முகம். உடம்புல அல்ட்ராமேன் டிசைன்ல ஒரு ஜாக்கெட், அவ்ளோதான். அப்படியே போய் மிருகத்தோட கட்டிப் புரள ஆரம்பிச்சிடுறான்.

1983ல ஜப்பான்ல, ஒசாகாவுல டைகான் பிலிம்னு ஒரு ரசிகர் கூட்டம் 8 எம்எம் கேமராவுல எடுத்த படம் இது. அரைமணி நேரம்கூட வராது. கண்ணாடி போட்ட பையன் ஹிடெயாக்கி அன்னோ, படத்தோட டைரக்டரும் அவர்தான். மொத தடவ பாத்தப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல அது நின்னு போச்சு, ஏன்னா கேமரா சிரிக்கல. பேப்பர்லயும் அட்டையிலயும் செஞ்ச ஜெட்டு நெஜ ஜெட்டு மாதிரியே பறக்குது, நடிக்கிறவங்க மூஞ்சில ஒருத்தருக்குக்கூட கிண்டல் இல்ல. முகமூடி இல்லாதது தவிர மத்ததெல்லாம் உயிரக் குடுத்து செஞ்சிருக்காங்க. அதே அன்னோதான் 1995ல எவாஞ்சலியன்னு அனிமேஷன் தொடர் எடுத்தாரு, 2016ல ஷின்ஜி ஹிகுச்சியோட சேந்து ஷின் காட்ஸில்லா படம் எடுத்தாரு. அந்த காட்ஸில்லாவுலயும் டோக்கியோ மேல அணுகுண்டு விழுறதுக்குள்ள வேற வழி கண்டுபுடிக்கணுங்கிறதுதான் படத்தோட பதட்டமே. 22, 23 வயசுல மனசுல விழுந்த கேள்விய ஒருத்தர் அத்தன வருஷம் விடாம வச்சிருந்திருக்காரு.

போன வாரம் இந்த மாதிரி ரசிகருங்களே எடுக்குற படங்களப் பத்தி சித்தப்பா பையன்கிட்ட பேசினேன். "இதெல்லாம் காப்பிதானண்ணா, சொந்தமா சொல்ல ஒண்ணுமில்லாதவங்க பண்றது"ன்னான். அன்னைக்கு நைட்டு தூக்கமே வரல எனக்கு. அதுக்குதான் இவ்ளோ நீளப் பதிவு.

தம்பி, மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். அந்தக் காலத்துல ஒரு படம் தியேட்டர விட்டுப் போச்சுன்னா போச்சு. கேசட் கிடையாது, யூடியூப் கிடையாது. டிவில எப்பவாச்சும் போட்டாத்தான் உண்டு. மனசுக்குப் புடிச்ச ஒரு டைனோசர திரும்பப் பாக்கணும்னா அதுக்கு இருந்த ஒரே வழி நீயே செய்யுறதுதான். என் வயசுக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். தியேட்டர் பின்னாடி குப்பைல பொறுக்கின பிலிம் துண்டு, பியூஸ் போன பல்புல தண்ணி ஊத்தி செஞ்ச லென்சு, முகம் பாக்குற கண்ணாடிய வெயில்ல காட்டி இருட்டு ரூமுக்குள்ள தாத்தா வேட்டில விழ வச்ச படம். அசையாது, தலைகீழா வேற விழும், ஆனா நம்ம கைல இருக்குல்ல! அந்த ஆசைதான் இந்த மொத்த வரலாறும்னு நான் நினைக்கிறேன்.

1933ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் கிங் காங் பாக்கப் போறான். பேரு ரே ஹாரிஹௌசன். பாத்துட்டு வந்தவனுக்கு அந்தக் குரங்கு எப்படி அசைஞ்சுதுங்கிற கேள்வி மண்டையக் குடையுது. பொம்மைய ஒரு துளி நகத்தி ஒரு ஃபிரேம் எடுக்கணும், திரும்ப ஒரு துளி, திரும்ப ஒரு ஃபிரேம்னு தேடித் தேடித் தெரிஞ்சுக்கிறான். வீட்டுலயே மிருகம் செய்ய ஆரம்பிச்சான், அம்மாவோட பழைய ஃபர் கோட்டு குகைக் கரடியோட தோலாயிருச்சு. பின்னாடி சினிமாவுல மிருக பொம்மைங்கள அசைய வைக்கிறதுல அவர் பெரிய ஆளானப்புறமும் பொம்மைக்குள்ள இருக்குற உலோக எலும்புக்கூட்ட அப்பா கடைஞ்சு குடுத்தாரு, துணி அம்மா தச்சுக் குடுத்தாங்க. அந்த ஊர் அறிவியல் புனைகதை ரசிகர் சங்கத்துல பின்னாடி பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரி, ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் ரெண்டு பேரும் இவருக்கு சிநேகிதங்க. மூணு பேரும் சாகுற வரைக்கும் அந்த நட்ப விடல.

இந்த ஆக்கர்மேன் முக்கியமான ஆளு, ஏன்னா 1958ல வந்த ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் பத்திரிகைக்கு இவர்தான் எடிட்டர். மேக்கப் எப்படிப் போட்டாங்க, மிருகத்த யாரு செஞ்சாங்கன்னு போட்டோவோட வரும். அமெரிக்காவுல எங்கெங்கயோ தனித்தனியா, நாம மட்டும்தான் இப்படிக் கிறுக்கு புடிச்சுத் திரியுறோம்னு நினைச்சிட்டிருந்த பசங்க அதப் பாத்துதான் ஒருத்தர ஒருத்தர் கண்டுபுடிச்சாங்க. சிகாகோவுல டான் கிளட்னு ஒருத்தர், 1953ல 9 வயசுல டைனோசர் படத்துல ஆரம்பிச்சு 1969ல ஸ்பைடர்மேன் படம் வரைக்கும் 41 படம் எடுத்தாரு. நாப்பத்தியொண்ணு! டைனோசர், ஃபிராங்கன்ஸ்டைன், சூப்பர்மேன், யாரையும் விட்டு வைக்கல, ஸ்டுடியோவுல நெஜமாவே ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனா நடிச்ச கிளென் ஸ்ட்ரேஞ்சையே ஒரு படத்துல நடிக்க வச்சாரு. பின்னாடி ஸ்டார் வார்ஸ் ரெண்டாவது படத்தோட நாவல எழுதினது இவருதான்.

அதே மாதிரி டென்னிஸ் மியூரன், டேவிட் ஆலன், இவங்கெல்லாம் அந்தப் பத்திரிகை வட்டத்துலேர்ந்து வந்தவங்கதான். மியூரன் காலேஜ்ல பிசினஸ் படிச்சிட்டிருந்தவரு, சிநேகிதங்களோட சேந்து 6,500 டாலர்ல 16 எம்எம்ல ஈக்வினாக்ஸ்னு ஒரு படம் எடுத்தாரு, 1967ல முடிஞ்சுது. கதை சுமாருதான், நடிப்ப பத்தி பேசவே வேணாம். ஆனா அந்த மிருகங்க! அந்த நீலக் குரங்கு மாதிரி ஒண்ணு வருதே, அதோட அசைவுல ஒரு பாரம் இருக்கு. ஒரு விநியோகஸ்தர் வாங்கி இன்னும் கொஞ்சம் காட்சி சேத்து 1970ல தியேட்டருக்குக் கொண்டு வந்தாரு. ஏழு வருஷம் கழிச்சு ஸ்டார் வார்ஸ் வந்தப்போ அதோட எஃபெக்ட்ஸ் கேமராவுக்குப் பின்னாடி இதே மியூரன் நிக்கிறாரு, அப்புறம் வரிசையா ஆஸ்கர். காப்பியடிக்கிறதுல இருந்து என்ன வரும்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இவருதான்.

அரிசோனாவுல ஃபீனிக்ஸ் ஊர்ல ஒரு 17 வயசுப் பையன், 500 டாலர் கிட்ட செலவு பண்ணி வேத்துக்கிரகவாசிங்க ஆளுங்களத் தூக்கிட்டுப் போற கதைய ரெண்டேகால் மணி நேரப் படமா எடுத்து, 1964 மார்ச் 24ஆம் தேதி உள்ளூர் நாடகக் கொட்டகைல ஒரே ஒரு ராத்திரி ஓட்டினான். ஒரு டாலர் லாபம்னு சொல்லுவாங்க. அந்தப் பையன் ஸ்பீல்பெர்க். படம் ஃபயர்லைட். அதுல இன்னைக்கு மிஞ்சினது சில நிமிஷம்தான், மத்த ரீலெல்லாம் தொலஞ்சு போச்சு. எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச கிளைக்கதை ஒண்ணு உண்டு. 1980கள் ஆரம்பத்துல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பள்ளிக்கூடப் பசங்க சூப்பர் 8ங்கிற சின்ன பிலிம்ல எடுத்த படங்களுக்கு ஒரு விழா நடந்துச்சு, அதுல படம் போட்ட ரெண்டு பசங்களக் கூப்பிட்டு ஸ்பீல்பெர்க்கோட பழைய 8 எம்எம் ரீல்களச் சுத்தம் பண்ணி ஒட்டித் தரச் சொன்னாங்க. பசங்க பேரு ஜே.ஜே. ஆப்ரம்ஸ், மேட் ரீவ்ஸ். ஒருத்தர் பின்னாடி ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ் ரெண்டும் எடுத்தாரு, இன்னொருத்தர் பேட்மேன் எடுத்தாரு. அந்த வயசுல அந்த ரீல விரல்ல புடிச்சு ஓட்டிப் பாத்தப்போ அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுட்டே இருப்பேன்.

கஷ்டம் என்னன்னு இப்ப போன்ல படம் எடுக்குறவங்களுக்கு சொல்லணும். 1965ல கோடாக் கம்பெனி சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் விட்டுச்சு, 50 அடி பிலிம், செகண்டுக்கு 18 ஃபிரேம்ல ஓட்டினா 3 நிமிஷம் 20 செகண்டு. தீந்துச்சா, லேபுக்கு அனுப்பணும், திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கணும், வந்து பாத்தாத்தான் தெரியும் வெளிச்சம் பத்தலன்னு. ஒரு செகண்டு மிருகம் அசையணும்னா 18 தடவ பொம்மைய நகத்தணும், நடுவுல மேஜைல கை இடிச்சா காலைலேர்ந்து செஞ்சது போச்சு. லேசர் வேணுமா, பிலிம் மேலயே ஊசியால கீறு. சத்தம் தனியா டேப்ல, அதுவும் படத்தோட ஒத்தே போகாது, கேமராவுலயே சத்தம் பதியுற சூப்பர் 8 பிலிம் 1973லதான் வந்துச்சு. பால்டிமோர்ல டான் டோலர்னு ஒருத்தர் 1972ல சினிமேஜிக்னு ஒரு சின்ன பத்திரிகை ஆரம்பிச்சாரு பாருங்க, அது முழுக்க இந்த மாதிரி வேலைங்கதான், இன்ன பொருள் வாங்கு, இப்படி ஒட்டு, இப்படி எரின்னு. பத்திரிகையோட நிக்காம தானும் இறங்கி தன் ஊர்லயே சொந்தப் படம் எடுத்தாரு.

ஸ்டார் வார்ஸ் 1977 மே மாசம் வந்துச்சு, அடுத்த வருஷமே ஹார்டுவேர் வார்ஸ். எர்னி ஃபோசீலியஸ் எடுத்த 13 நிமிஷப் படம், 8,000 டாலர் கிட்ட, நாலே நாள் ஷூட்டிங். விண்கப்பலா பறக்குறது டோஸ்டரும் இஸ்திரிப் பெட்டியும். கட்டித் தொங்கவிட்ட நரம்பு நல்லாவே தெரியும். கேலிப் படம்தான், ஆனா ஒவ்வொரு ஷாட்டையும் எந்த ஷாட்டோட ஜோடின்னு தெரிஞ்சு எடுத்திருக்காங்க, அத்தன தடவ பாத்திருந்தாத்தான் அது வரும். ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ் கோவப்படல, இதுதான் தனக்குப் புடிச்ச ரசிகர் படம்னு பின்னாடி சொன்னாரு. அந்தப் பெரிய மனசுக்கு அவருக்கு ஒரு கும்புடு. சியாட்டில்ல ஒரு ரசிகர் கூட்டம், டாக்டர் ஹூங்கிற பிபிசி டிவி தொடரோட ஹீரோ டாக்டரா பார்பரா பெனடெட்டிங்கிறவங்கள நடிக்க வச்சு 1984லேர்ந்தே நாலு படம் எடுத்துச்சு. பொம்பள டாக்டர் வரப் போறாங்கன்னு பிபிசி அறிவிக்க 2017 ஆச்சு!

திரும்ப ஒசாகாவுக்கு வர்றேன். 1981ல ஜப்பான் அறிவியல் புனைகதை மாநாட்டுக்குத் தொடக்கப் படம் வேணும், அன்னோ, யமாகா, அகாய்னு மூணு காலேஜ் பசங்க சேந்து அனிமேஷன் பண்ணாங்க. ஒரு சின்னப் பொண்ணு ஒரு டம்ளர் தண்ணிய எடுத்துட்டுப் போகுது, வழில ரோபோ, காட்ஸில்லான்னு எல்லாத்தையும் சமாளிச்சு கடைசில ஒரு வாடின முள்ளங்கிக்கு ஊத்துது. அனிமேஷனுக்கான செல்லுலாய்டு ஷீட்டு வாங்க காசில்ல, வினைல் ஷீட்ட ரோலா வாங்கி வெட்டினாங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பெயின்ட் உரிஞ்சு வரும், திரும்பப் பூசணும். ஆன கடன அடைக்க படத்த காப்பி போட்டு வித்தாங்க, அந்தக் காசு அடுத்தடுத்த படத்துக்குப் போச்சு, கண்ணாடி போட்ட அல்ட்ராமேனும் அதுல ஒண்ணு. 1984ல அதே கூட்டம் கைனாக்ஸ்னு கம்பெனி ஆயிருச்சு.

இப்ப என் வயித்தெரிச்சல். 2016ல ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரோட உரிமைக்காரங்க ரசிகர் படங்களுக்கு விதிமுறை போட்டாங்க. ஒரு கதை 15 நிமிஷத்துக்குள்ள, மிஞ்சிப் போனா ரெண்டு பாகம், அதுக்குமேல தொடரக் கூடாது. நிறைய பணம் வசூல் பண்ண ஒரு படத்து மேல கேஸ் போட்டதுக்கு அப்புறம் வந்தது, பணம் சம்பாதிக்கக் கூடாதுன்னு சொன்னா நியாயம், ஒத்துக்கிறேன். ஆனா அதுல ஒரு விதி இருக்கு: கடைல விக்கிற யூனிஃபார்ம், பொம்மை, சாமானெல்லாம் பயன்படுத்தினா அது கம்பெனியோட அதிகாரபூர்வமானதா இருக்கணும், அத மாதிரி செஞ்சதா இருக்கக் கூடாது. இதப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு. அம்மாவோட ஃபர் கோட்ட வெட்டாதே, கடைல கரடி இருக்கு வாங்கிக்கோன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு? பேப்பர மடிச்சு ஜெட்டு செஞ்சவனுக்கு ஜெட்டு எப்படித் திரும்பும்னு தெரியும். வாங்கினவனுக்கு வெல மட்டும்தான் தெரியும். இந்த விதி 1983ல அல்ட்ராமேனுக்கு இருந்திருந்தா அந்த அரைமணி நேரப் படம் இருந்திருக்காது, அப்புறம் வந்த எத்தனையோ இருந்திருக்காது.

தம்பி, ஒரு வேண்டுகோள். அந்த 1983 படத்த மொதல்ல பாரு. பாத்துட்டு 2022ல வந்த ஷின் அல்ட்ராமேன் பாரு, கதை, திரைக்கதை அன்னோ, டைரக்ஷன் ஹிகுச்சி. அதுல அல்ட்ராமேன் கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவம், உடம்பு அசைவுக்கு மட்டும் ஆளுங்க மோஷன் கேப்ச்சர் (ஆள் அசையுறத பதிஞ்சு கம்ப்யூட்டர் உருவத்துக்கு ஏத்துறது) குடுத்திருக்காங்க. பேரு போடுறப்போ எழுந்து போயிடாத. ஒரு பேரு 'பின் ஃபுருயா', 1966ல மொத அல்ட்ராமேன் சூட்டுக்குள்ள நின்னவரு. அவர் பக்கத்துலயே இன்னொரு பேரு இருக்கும், 60 வயசு தாண்டின ஹிடெயாக்கி அன்னோ.