கார்டு இயந்திரத்தில் ரூபாயைத் தொடாதீர்கள்

வெளிநாட்டில் கார்டு இயந்திரம் சில சமயம் ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்கும். ‘வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் மிச்சம்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நிலைமை தலைகீழ். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை முடிவுசெய்வது கார்டு நிறுவனங்களான விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்காரரின் வங்கித் தரப்பு. தன் லாபத்தைச் சேர்த்துத்தான் அது தொகை சொல்லும். போதாக்குறைக்கு, கடை வெளிநாட்டில் பதிவானது என்பதால் நம் வங்கிகள் பல அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. மிச்சமாவது, மண்ணாவது!

சிங்கப்பூரில் இயந்திரம் இரண்டு தொகைகளைக் காட்டினால் சிங்கப்பூர் டாலரைத் தொடுங்கள். பாங்காக் ஏடிஎம்மில் ‘மாற்றம் வேண்டாம்’ என்று அழுத்தினாலும் தாய்லாந்துப் பணமான பாத் வரும், பரிவர்த்தனை ரத்தாகிவிடாது. ஏடிஎம் கட்டணம் எப்படியும் உண்டு. கேட்காமலே கடையில் ரூபாயில் போட்டுவிட்டால், அங்கேயே ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள்.