ஸ்க்ரூஜைத் திருத்தியது பயம் அல்ல

டிசம்பர் பிறந்தாலே சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. கூடவே, 'கஞ்சன் ஒருவனைப் பேய்கள் மிரட்டித் திருத்திய கதை' என்ற விளக்கமும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொல்பவர்களுக்கு, அந்தக் கஞ்சன் ஸ்க்ரூஜிடம் வரும் மூன்று ஆவிகளில் கடைசி ஆவி காட்டும் அவருடைய கல்லறை மட்டுமே மனதில் நின்றிருக்கிறது.

முதல் ஆவி ஸ்க்ரூஜை அழைத்துப்போவது அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு. விடுமுறைக்கு மற்ற பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெறிச்சோடிய அறையில், மங்கி எரியும் நெருப்பருகே ஒரு சிறுவன் மட்டும் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சிறுவன் தான்தான் என்று தெரிந்ததும் கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொல்வது இதுதான்: நேற்றிரவு என் வாசலில் ஒரு பையன் பாடினான், அவனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம். அந்தப் பையனை ரூலரைத் தூக்கி விரட்டியவர் இவரே. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு எதுவானாலும் இந்த இடத்தை மட்டும் வெட்டக் கூடாது. ஸ்க்ரூஜ் மாறத் தொடங்குவது இங்கேதான். மூன்றாவது ஆவி வரும்போதே, வேறு மனிதனாக வாழ விரும்புவதாகவும் நன்றியோடு உடன் வருவதாகவும் அவர் சொல்லிவிடுகிறார். கல்லறையைப் பார்ப்பது அதற்கும் பிறகு!

தனித்து விடப்பட்ட சிறுவனை டிக்கன்ஸ் கற்பனையில் மட்டும் கண்டவர் அல்லர். 1824இல் அவருடைய தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டபோது, 12 வயதுப் பையனான அவர் காலணி மைத் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். 1843 டிசம்பர் 19 அன்று இந்தப் புத்தகம் வெளிவந்த இங்கிலாந்தில், ஏழைகளை விடுதிகளில் அடைத்து வேலை வாங்குவதைச் சட்டமே நடத்திக்கொண்டிருந்தது. நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் ஸ்க்ரூஜ், 'சிறைகள் இல்லையா, விடுதிகள் இல்லையா' என்று கேட்பது அந்தக் காலத்துக் கனவான்கள் பலரின் குரல்.

துன்பமும் பயமும் மட்டும் எதையும் சாதிக்காது என்பதற்குக் கதையிலேயே சாட்சி உண்டு. இறந்துபோன தொழில் கூட்டாளி மார்லி முதலில் ஆவியாக வந்து எச்சரித்துவிட்டுப் போன பிறகு, ஸ்க்ரூஜ் ஜன்னல் வழியே பார்க்கிறார். வெளியே ஆவிகள் அலைகின்றன. காலில் இரும்புப் பெட்டி பிணைக்கப்பட்ட ஓர் ஆவி, கைக்குழந்தையோடு வாசற்படியில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு உதவ முடியாமல் கதறுகிறது. அந்த ஆவிகளுக்கு வருத்தத்துக்குக் குறைவில்லை. செய்வதற்குக் காலம்தான் போய்விட்டது.

பயந்தவன் என்றால் காணிக்கை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஸ்க்ரூஜ் செய்தது வேறு. தன்னிடம் வாரம் 15 ஷில்லிங்குக்கு உழைத்த குமாஸ்தா பாப் க்ராட்சிட்டின் சம்பளத்தை உயர்த்துகிறார், அவருடைய பிள்ளை டிம்முக்கு இன்னொரு தகப்பனாகிறார். முந்தைய நாள் வெறுங்கையோடு அனுப்பிய நன்கொடைக்காரரைத் தெருவில் பார்த்ததும் காதோடு ஒரு தொகையைச் சொல்கிறார். அவர் மலைத்துப்போக, இதில் பழைய பாக்கியும் நிறையச் சேர்ந்திருக்கிறது என்கிறார். கொடுப்பது தர்மம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. இத்தனை வருடம் தராமல் வைத்திருந்த கடனாகவே அதை எண்ணுகிறார்.