“விட மனசில்லாதவங்க” என்று சுற்றும் பதிவு உண்மையல்ல

“குடிசைப்பகுதிக்காரர்கள் புகையை விடவே விரும்பமாட்டார்கள், சுற்றுப்புறத்துக்கும் பீடிக்கும் சம்பந்தமே இல்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

2016-17 உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட நினைக்கிறார்கள். சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் அறிக்கை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

விட நினைப்பவர் தெருவில் இறங்கினால் என்ன இருக்கிறது? முக்குக்கு முக்கு பெட்டிக்கடை. கம்பத்தில் கட்டிய கயிறு நுனியில் கனன்றுகொண்டே இருக்கும், தீப்பெட்டிகூட வேண்டாம். முழுப் பாக்கெட் வாங்கக் காசில்லாதவருக்கும் சில்லறையில் ஒன்று கிடைக்கும். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைக்கும் எச்சரிக்கைப் படம் அவர் கண்ணில் படுவதே இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் தினமும் இதே கடையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. 2003 புகையிலைச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், விற்கக் கூடாது. பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: வாசலிலிருந்து சந்து சந்தாக நடந்து அளந்துவிட்டு “தூரமாத்தானே இருக்கு” என்கிறார்கள். சுவருக்குப் பின்னாலேயே கடை இருக்கும்.

அந்தப் பதிவை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற எண்ணை அனுப்புங்கள். கட்டணமில்லாத தேசிய உதவி எண் இது.