சந்தாக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு

நம் சமூக நில டிரஸ்டின் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. “சமூக நில டிரஸ்ட்களின் தேசிய வலையமைப்புக்கு நாம் எதற்குச் சந்தா கட்ட வேண்டும்? மின்னஞ்சல் அனுப்புவதைத் தவிர அவர்கள் என்ன கிழிக்கிறார்கள்?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதும் எழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. தட்டியவர்களில் பாதிப் பேர் இங்கே என் நண்பர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மின்னஞ்சல் அதிகம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

நம் டிரஸ்ட் தொடங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். நூலகத்தின் பின்னறையில் ஏழு பேர். நான் கணக்கு டீச்சர். மற்ற ஆறு பேருக்கும் நிலச் சட்டம் என்னைப் போலவே தெரியாது. நிலம் ஊர்ப்பொதுவில் இருக்கும், வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும், விற்றாலும் உள்ளூர் வருமானத்துக்கு எட்டும் விலைக்கே விற்க வேண்டும் என்ற யோசனை மட்டும்தான் கையில் இருந்தது. அதைச் சட்ட மொழியில் எழுதித் தர ஒரு சொலிசிட்டர் சொன்ன கட்டணத்தைக் கேட்டுவிட்டு, போட்ட தேநீரைக்கூடக் குடிக்காமல் கலைந்தோம். அடுத்த வாரம் வலையமைப்பின் மாதிரி விதிகள் வந்தன. இப்படிப்பட்ட சங்கங்களைப் பதிவு செய்யும் நிதி நடத்தை ஆணையத்தில் சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்ய ஏற்றபடி முன்பே எழுதிவைத்தவை. அந்த விதிகளின்படி நடந்த கூட்டத்தில்தான் சனிக்கிழமை நீங்கள் கைதட்டினீர்கள்.

“இதெல்லாம் இணையத்தில் தேடினால் கிடைக்குமே” என்பீர்கள். கிடைக்கும். யாரோ உட்கார்ந்து எழுதியதால், யாரோ சந்தா கட்டியதால் கிடைக்கும். கிணறு வெட்டியவனுக்குக் கூலி கொடுக்க மாட்டோம், தண்ணீர் மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

2010இல் உருவாகி 2014இல் தனி அறக்கட்டளையான அமைப்பு இந்த வலையமைப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கும் நம்மைப் போன்ற சின்னச் சின்ன டிரஸ்ட்களுக்குச் சேர்த்து ஒரே குரல். புதிய நீண்டகாலக் குத்தகைகளில் வீட்டுக்காரரிடம் நில வாடகை வாங்கக் கூடாது என்று 2022இல் நில வாடகைச் சட்டம் வந்தபோது, சமூக வீட்டுவசதிக் குத்தகைகளுக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் நில வாடகையை நம்பியிருக்கும் டிரஸ்ட்களின் கதி என்ன? இப்படி ஒவ்வொரு மசோதாவையும் வரிவரியாகப் படிக்க நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கு இல்லை. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருக்கின்றன.

2018இல் லண்டனுக்கு வெளியே மட்டும் 16.3 கோடி பவுண்ட் சமூக வீட்டுவசதி நிதி திறந்தது. மூடியதும் நாம் உச்சுக்கொட்டினோம். மறுபடி திறக்கச் சொல்லி அரசின் கதவைத் தட்டியவர்கள் வலையமைப்புக்காரர்கள்.

“அரசோடு குலாவுகிறார்கள்” என்றும் ஒருவர் முணுமுணுத்தார். அரசிடம் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பூனையிடமா கேட்பது?

“வீடு எங்கே?” என்பது நியாயமான கேள்வி. எண்ணிக்கை குறைவு, வேகமும் குறைவு, எனக்கும் வலிக்கிறது. ஆனால் கிழக்கு லண்டனின் மைல் எண்டில், பழைய செயின்ட் கிளெமென்ட்ஸ் மருத்துவமனை வளாகத்தில் நம்மைப் போன்ற ஒரு டிரஸ்டின் 23 வீடுகள் நிற்கின்றன. தொடக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு சுமார் 1,30,000 பவுண்டுக்குப் போனது. சந்தை விலை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பதினோரு வருடத்தில் ஆறு வாடகை வீடு மாறியவள் நான். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டும்போது மகள் “இந்தப் பள்ளிக்கூடமாவது மாறாதே?” என்று கேட்பாள். அந்த 23 என்னும் எண் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

இப்போது, நான் எழுத விரும்பாத விஷயம். சந்தா பற்றி நான் பதில் சொன்னபோது கேள்வி கேட்ட அதே உறுப்பினர் சிரித்துக்கொண்டே, “நிலத்தைப் பொதுவில் வைப்பது இந்த மண்ணின் பழைய மரபு, வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் புரிய நாளாகும்” என்றார். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஐயா, இந்த மாதிரி டிரஸ்டுக்கு முன்னோடி 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின மக்கள் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ். சார்லஸ் ஷெரோட், ஸ்லேட்டர் கிங், ராபர்ட் ஸ்வான் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய யோசனைகளில் ஒன்று ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக்கச் சொன்ன, இந்தியாவின் வினோபா பாவேயின் கிராமதானம். எங்கள் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போன யோசனையை எனக்கே பாடம் எடுக்கிறார். வறட்சி வந்தது, உதவிக் கடன் மறுக்கப்பட்டது, 1985இல் அந்த நிலம் கையைவிட்டுப் போனது. சுமார் 5,700 ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. நம்மிடம் இருப்பதோ நாலு கார் நிறுத்தும் அளவு துண்டு நிலம். நாம் தனியாக நிற்கப் போகிறோமாம், சந்தாவை மிச்சப்படுத்தப் போகிறோமாம்.

இன்னொன்று. 2008ஆம் ஆண்டு வீட்டுவசதி, மறுசீரமைப்புச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, ஒரு டிரஸ்டின் பகுதியில் வாழ்கிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் அதில் உறுப்பினராகும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. பிறந்தவர்கள் என்று சொல்லவில்லை. நான் இங்கே வாழ்கிறேன், இங்கேயே வேலையும் செய்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் வலையமைப்பிலிருந்து விலகும் தீர்மானம் வாக்குக்கு வருகிறது. எதிர்த்து வாக்களிப்பேன். 79ஆம் பிரிவை நகலெடுத்துக் கொண்டுவருகிறேன், கைதட்டியவர்களுக்கும் சேர்த்து.