ஒரே ராக்கெட்டை நம்பி எத்தனை நாள்?

2022 மார்ச் தொடக்கத்தில் வந்த ஒரு காணொளி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரஷ்யா பயன்படுத்தும் பைக்கனூர் ஏவுதளத்தில் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட். அதன் உச்சியில், வானிலிருந்து இணையம் தரும் ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள். பணியாளர்கள் ராக்கெட்டின் வெளிப்புறத்தில் இருந்த அமெரிக்க, பிரிட்டன், ஜப்பான் கொடிகளை வெள்ளையாக மூடி மறைக்கிறார்கள். ஏவுவதற்கு இன்னும் ஓரிரு நாள்தான் பாக்கி. உக்ரைன் போர் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஏவுதல் நடக்கவில்லை. பிரிட்டன் அரசு ஒன்வெப்பில் தன் பங்கை விற்க வேண்டும் என்று ரஷ்யா நிபந்தனை போட்டது, பிரிட்டன் மறுத்துவிட்டது. செயற்கைக்கோள்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. அந்தச் செயற்கைக்கோள்களோடு மற்றச் செலவுகளையும் சேர்த்து ஒன்வெப் கணக்கில் எழுதிய நஷ்டம் சுமார் 23 கோடி டாலர். எஞ்சினில் கோளாறு இல்லை, வானிலையும் கெடவில்லை. போக ஒரே வழி வைத்திருந்தார்கள், அது அடைபட்டது. அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்வெப் யாரிடம் போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் போனது அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸிடம். வானிலிருந்து இணையம் தருவதில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் ஒன்வெப்புக்கு நேர் போட்டி. தன் போட்டியாளரின் வண்டியில் இடம் கேட்டுத்தான் பிழைக்க வேண்டியிருந்தது. இன்னொரு கதவும் திறந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. இந்தியாவின் எல்விஎம்3 ராக்கெட், 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் 36, 36 ஆக 72 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஸ்பேஸ்எக்ஸ் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. 2015 டிசம்பரில் அவர்களுடைய ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலை, அதாவது பூஸ்டர் எனும் அடிப்பகுதி, திரும்பி வந்து தரையில் நின்றதைப் பார்த்துக் கண் கலங்கியவன் நான். 2017-இல் ஏற்கெனவே பறந்த பூஸ்டரில் தன் செயற்கைக்கோளை ஏற்றத் துணிந்த எஸ்இஎஸ் நிறுவனத்தையும் அதே அளவு மதிக்கிறேன். 2024-இல் மட்டும் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் 134 முறை பறந்தன. இந்த இடம் உழைப்பால் வந்தது.

ஆனால் அந்த 134-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடைய சொந்த ஸ்டார்லிங்குக்காகப் பறந்தவை. அதாவது இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஏவுநரே மிகப் பெரிய வாடிக்கையாளரும். வெளியார் மிச்ச இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். விலையையும் பாருங்கள். பூஸ்டரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டே 2022-இல் பட்டியல் விலையை 6.2 கோடி டாலரிலிருந்து 6.7 கோடியாக ஏற்றினார்கள். பணவீக்கம் என்றார்கள், இருக்கலாம். ஆனால் பக்கத்தில் நம்பகமான இன்னொருவர் இருந்திருந்தால் அது அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பாடம் புதிதல்ல. எல்லாவற்றையும் விண்வெளி ஓடத்திலேயே (ஸ்பேஸ் ஷட்டில்) ஏற்றிவிடலாம் என்று நம்பி அமெரிக்கா தன் பழைய ராக்கெட்டுகளை மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வெடித்தது. ஏப்ரலில் டைட்டன் ராக்கெட், மே மாதத்தில் டெல்டா, அதே மாதக் கடைசியில் ஐரோப்பாவின் ஏரியன், எல்லாம் வரிசையாகத் தோற்றன. செயற்கைக்கோள்கள் கட்டி முடித்துக் கிடந்தன, ஏற்றிப்போக ஆளில்லை. ஓடம் இனி வணிகச் செயற்கைக்கோள்களை ஏற்றாது என்று அந்த ஆகஸ்டில் ரீகன் அரசு அறிவித்த பிறகே அங்கே தனியார் ஏவுதல் தொழிலுக்கு உயிர் வந்தது.

ஐரோப்பாவும் பின்னாளில் இதே குழியில் விழுந்தது. 2023 ஜூலையில் ஏரியன் 5 ஓய்வு பெற்றது. ஏரியன் 6 முதன்முதலாகப் பறந்ததோ 2024 ஜூலையில். இடையில் சோயுஸும் இல்லை, ஐரோப்பாவின் சிறிய ராக்கெட்டான வேகா-சியும் விபத்துக்குப் பின் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான கலிலியோ, ஃபால்கன் 9-இல் ஏறிப் போயின.

"சரி, ஒரு ராக்கெட் இல்லாவிட்டால் இன்னொன்றில் ஏற்ற வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். அது பெட்டியை வேறு வண்டிக்கு மாற்றுகிற வேலை இல்லை. செயற்கைக்கோளின் அடியில் ஒரு உலோக வளையம் இருக்கும். அதையும் ராக்கெட்டையும் ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், உயரே போனதும் அந்தப் பட்டை விடுபட வேண்டும். வளையத்தின் அளவு பொருந்தினாலும் புதிய ராக்கெட் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உலுக்கும் என்று மறுபடி கணக்குப் போட்டு, சூரியத் தகடும் ஆண்டெனாவும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். படுக்கவைத்தே பொருத்துகிற ராக்கெட்டும் உண்டு, நிமிர்த்திவைத்துப் பொருத்துகிறதும் உண்டு. ஐரோப்பாவின் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியை சோயுஸிலிருந்து ஃபால்கன் 9-க்கு மாற்றுவதென்று 2022 அக்டோபரில் முடிவெடுத்து 2023 ஜூலை 1-இல் ஏவிவிட்டார்கள். ஒன்பது மாதத்துக்குள் அதை முடித்த பொறியாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

அதனால் செயற்கைக்கோள் வாங்குகிறவர்கள் வரைபட நிலையிலேயே இரண்டு ராக்கெட்டுகளுக்குப் பொருந்துமாறு கேட்க வேண்டும் என்கிறேன். கொஞ்சம் எடை கூடும், கொஞ்சம் பணம் கூடும். கூடட்டும்.

இரண்டாவது ராக்கெட் காகிதத்தில் இருந்தாலும் பயனில்லை. அமேசான் தன் இணையச் செயற்கைக்கோள்களுக்காக 2022-இல் மூன்று நிறுவனங்களோடு 83 ஏவுதல்கள் வரை ஒப்பந்தம் போட்டது. அவர்களுடைய ராக்கெட்டுகளான ஏரியன் 6, வல்கன், நியூ கிளென் மூன்றுமே அன்று ஒருமுறைகூடப் பறந்ததில்லை. 2023 டிசம்பரில் அமேசானும் ஃபால்கன் 9-இல் மூன்று ஏவுதல்களை வாங்க வேண்டி வந்தது.

இதில் எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. இரண்டாவது ராக்கெட்டை உயிரோடு வைக்க மக்கள் வரிப்பணம் போகிறது. ஏரியன் 6-க்கு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுக்கு 34 கோடி யூரோ வரை தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. சும்மா கொடுத்தால் சோம்பேறித்தனம்தான் வளரும். ஆகவே அரசுகள் அந்தப் பணத்தை ஏவுதல் ஒப்பந்தமாகக் கொடுக்கட்டும், சொன்ன தேதியில் பறந்தவருக்கு அடுத்த ஒப்பந்தம் போகட்டும்.

2024 ஜூலையில் ஃபால்கன் 9-இன் மேல்நிலையில் ஆக்சிஜன் கசிந்து 20 ஸ்டார்லிங்குகள் வீணாயின. இரண்டு வாரம் சொச்சத்தில் மறுபடி பறந்துவிட்டது. அடுத்த கோளாறுக்கு இரண்டு ஆண்டு பிடித்தால், கட்டி முடித்து மூடி வைத்திருக்கும் செயற்கைக்கோள்களை யார் ஏற்றுவார்கள்? இந்தக் கேள்வியை ஒப்பந்த மேசையில், கையெழுத்துக்கு முன்பே யாராவது கேட்க வேண்டும்.