அனிமே என்றால் சண்டை மட்டும்தானா?

"அனிமே பார்க்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று, ஜப்பானிய அனிமேஷனுக்குப் புதிதாக வரும் யார் கேட்டாலும் நம் ரசிகர் குழுக்களில் ஒரே மாதிரிதான் பதில் வருகிறது. நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயர், அட்டாக் ஆன் டைட்டன். எல்லாமே நல்ல தொடர்கள், மறுப்பில்லை. ஆனால் கேட்டவர் நாற்பது வயது ஆசிரியையாக இருக்கலாம், சண்டைக் காட்சி வந்தாலே எழுந்து போகிறவராக இருக்கலாம். அவருக்கும் இதே பட்டியல்தான். இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு "இது பசங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார். 1963-ல் ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் வந்ததிலிருந்து வாரந்தவறாமல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு கலையை நாம் இவ்வளவு குறுக்கி அறிமுகம் செய்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்று நாம் சொல்பவை கதை வகைகளே அல்ல. சிறுவர்கள், சிறுமிகள், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள் என்று, பல அனிமேக்களின் மூலக்கதைகள் வெளிவரும் மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) இதழ்கள் யாருக்காக விற்கப்படுகின்றன என்பதைச் சொல்லும் பெயர்கள் அவை. டெத் நோட் வந்தது சிறுவர்களுக்கான ஷோனென் ஜம்ப் வார இதழில். மனிதர்களை அரக்கர்கள் கடித்துத் தின்னும் அட்டாக் ஆன் டைட்டனும் ஒரு ஷோனென் இதழில்தான் வெளிவந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் தமிழில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த ஷின்-சான், 1990-ல் பெரியவர்கள் படிக்கும் ஒரு வார இதழில் தொடங்கியது. இந்தப் பெயர்களை வைத்துப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைத் தொடர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கும் இந்த இதழ்களில்தான் விடை இருக்கிறது. 1968-ல் தொடங்கிய ஷோனென் ஜம்ப், வாசகர்கள் அஞ்சலட்டையில் அனுப்பும் வாக்குகளைப் பார்த்து எந்தக் கதையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யும். ட்ராகன் பால், ஸ்லாம் டங்க் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த 1990-களின் நடுவில் அந்த இதழின் ஒரு வார விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. அடுத்த வாரமும் வாசகன் வாக்களிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு அதிர்ச்சி வேண்டும், ஒரு எதிரி வீழ்ந்ததும் அவனைவிடப் பெரிய எதிரி வர வேண்டும். அதை வாராவாரம் அனிமேவாக்கும்போது மூலக்கதையை எட்டிப்பிடித்துவிடாமல் இருக்க, இல்லாத கதைகளை இடையில் சொருகினார்கள். நருட்டோ இரண்டு பாகமும் சேர்ந்து 720 எபிசோடு. புதிதாக வருபவரை இதற்குள் தள்ளிவிடுவது நியாயமில்லை.

இந்த வகையில் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் நான் தயங்காமல் சொல்வது ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட். 64 எபிசோடில் தொடங்கி, வளர்ந்து, முடிந்துவிடும். இறந்த தாயை உயிர்ப்பிக்க முயன்று, ஒருவன் கையையும் காலையும், இன்னொருவன் முழு உடலையும் இழந்த இரண்டு சகோதரர்களின் கதை. ஒரு இனத்தையே அழித்த ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் அந்தப் பாவத்தோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதை இவ்வளவு நேர்மையாகப் பேசிய சிறுவர் தொடர் வேறு எனக்குத் தெரியாது. எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த பெண். கதையில் உழைப்புக்கும் உயிருக்கும் இருக்கும் மரியாதை அங்கிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்து மெக்கா, அதாவது ராட்சத ரோபோக்கள். நம் ஆட்கள் அதிகம் தொடாத வகை இது. எனக்கோ அனிமேவின் வரலாற்றை ஒரே வகையில் படிக்க வேண்டுமென்றால் அது இதுதான்.

1960-களில் ரோபோவை ஒரு சிறுவன் வெளியில் நின்று ரிமோட்டால் இயக்குவான். 1972-ல் மாங்கா கலைஞர் கோ நாகாய் மஸிங்கர் இஸட்டில் அவனை ரோபோவின் தலைக்குள் உட்கார வைத்தார். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, இந்தக் காருக்குக் கைகால் முளைத்து எல்லாவற்றையும் தாண்டிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தபோது பிறந்த எண்ணம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். உலோக பொம்மைகள் விற்றுத் தீர்ந்தன. அதன்பின் ரோபோத் தொடர் என்றாலே பொம்மை கம்பெனி பணம் போடும், வாரம் ஒரு அரக்கன் வருவான், நாயகன் அடிப்பான் என்று ஆகிவிட்டது.

அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் யோஷியுகி தொமினோ 1979-ல் மொபைல் சூட் குண்டம் எடுத்தார். தொடக்கத்திலேயே மனிதகுலத்தில் பாதி இறந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார். அரக்கர்கள் கிடையாது. எதிரிகள், பூமியின் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்கும் விண்வெளிக் குடியிருப்புகளின் மனிதர்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, அவர்களிலும் நல்லவர்கள் உண்டு. ரோபோவை ஓட்டும் பதின்வயதுப் பையன் அமுரோ பயப்படுகிறான், ஓடிப்போகிறான், திரும்பி வருகிறான், ஒவ்வொரு போருக்குப் பிறகும் கொஞ்சம் கெட்டுப்போகிறான். பொம்மை விற்கவில்லை. 52 எபிசோடாகத் திட்டமிட்டதை 43-ல் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு மறுஒளிபரப்பிலும், 1980-ல் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாடல்களிலும்தான் குண்டம் உயிர்பெற்றது. இன்று அது ஜப்பானின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று.

1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் தோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல். அப்படி நாடே அதிர்ந்திருந்த அதே ஆண்டு அக்டோபரில் ஹிதேயாகி அன்னோவின் நியான் ஜெனிசிஸ் இவாஞ்செலியன் வந்தது. தானே மன அழுத்தத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த அன்னோ, "ரோபோவில் ஏறு" என்று தந்தை கட்டளையிடும்போது உடைந்துபோகும் பதினான்கு வயது ஷின்ஜியைப் படைத்தார். கடைசி இரண்டு எபிசோடுகளில் போரையே விட்டுவிட்டு அந்தப் பையனின் மனதுக்குள் போய்விடுகிறார். பலர் கொதித்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த முடிவுதான் சரி. சிறுவர்களை ஆயுதத்துக்குள் உட்கார வைக்கும் ஒரு வகை, இருபது ஆண்டுகளுக்குமேல் ஓடியபிறகு, அது அந்தச் சிறுவனை என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டே ஆக வேண்டும் இல்லையா?

மாயச் சிறுமிகளின் வகையிலும் இதே பயணம் உண்டு. 1966-ல் சாலி என்ற குட்டி மந்திரக்காரியில் தொடங்கி, 1992-ல் செய்லர் மூனில் ஐந்து பெண்கள் அணியாகச் சேர்ந்து தாங்களே போரிடும் இடத்துக்கு வந்து, 2011-ல் மடோகா மாகிகாவில் அந்த மந்திர சக்திக்கு ஒரு சிறுமி என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கேட்கிறது. மடோகாவின் குழந்தைத்தனமான ஓவியங்களைப் பார்த்து ஏமாந்து அதைக் குழந்தைகளுக்குப் போட்டுவிடாதீர்கள், அது பெரியவர்களுக்கே கனமானது.

விளையாட்டுத் தொடர்களைப் பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ரத்தமும் வியர்வையும் சிந்தும் 1968-ன் பேஸ்பால் தொடர் ஒன்றை 2012-ல் மும்பைச் சிறுவனின் கிரிக்கெட் கதையாக மாற்றி இந்தியத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள் என்பது மட்டும் கூடுதல் தகவல். ஹைக்யூ பார்த்துவிட்டு வாலிபால் ஆடப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது சிஹாயாஃபுருவைப் பாருங்கள் என்றுதான். அதில் வருவது ஒரு அட்டை விளையாட்டு. நூறு பழைய ஜப்பானியக் கவிதைகள். ஒருவர் கவிதையின் முதல் பாதியை வாசிக்க, மறுபாதி எழுதிய அட்டையைத் தரையில் கண்டுபிடித்துத் தட்டிப் பறிக்க வேண்டும். முதல் அசை காதில் விழுந்த கணத்தில் கை பாய்கிறது. பெண்களுக்கான இதழில் வந்த கதை இது, பரபரப்பில் எந்தச் சண்டைத் தொடருக்கும் குறைந்ததல்ல. அந்தாதியும் வெண்பாவும் மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு, ஒரு கவிதையின் ஓசையைக் காது எப்படிப் பிடித்துவைக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். எதுவும் பெரிதாக நடக்காத தொடர்கள். 1974-ல் இசாவோ தகஹாதா இயக்கி, ஹயாவோ மியாசாகி காட்சியமைப்பு செய்த ஹைடி வந்தது. ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமி, அவள் ஆடுகள், நெருப்பில் உருகும் பாலாடைக்கட்டி, ரொட்டி. அவ்வளவுதான். இதற்காகக் குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்து வந்து வரைந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அதே ஞாயிறு மாலை அதே நேரத்தில், ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாதோ என்ற பிரம்மாண்ட விண்வெளிப் போர்த் தொடர் மற்றொரு சேனலில் தொடங்கியது. மக்கள் ஹைடியைத்தான் பார்த்தார்கள். யமாதோவைச் சீக்கிரம் முடிக்க வேண்டியதாயிற்று, அது பின்னால் திரைப்படமாக வந்துதான் புகழ்பெற்றது. அனிமே என்றால் அதிரடி என்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அந்தக் கிளையில் பின்னால் முளைத்ததுதான் மனதை ஆற்றும் இயாஷிகெய் தொடர்கள். யூரு கேம்ப்பில் ஒரு பள்ளி மாணவி குளிர்காலத்தில் தனியாகக் கூடாரம் போட்டு நூடுல்ஸ் வைத்துச் சாப்பிடுகிறாள். பழைய ஆயிரம் யென் நோட்டில் இருந்த ஃபூஜி மலைக் காட்சியை நேரில் பார்க்க மொட்டோசு ஏரிக்கு வந்த இன்னொரு பெண் அவளுக்குத் தோழியாகிறாள். முஷிஷியில் கின்கோ என்ற நாடோடி மருத்துவர் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பிடித்த மனிதர்களைத் தேடி ஊர் ஊராக நடக்கிறார். அவர் அந்த உயிர்களைக் கொல்வதைப் பெருமையாக நினைப்பதில்லை, அவையும் வாழ வந்தவைதான் என்கிறார். சில நேரம் நோயைத் தீர்க்க அவரால் முடிவதில்லை. ஒவ்வொரு எபிசோடும் தனிச் சிறுகதை, வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது.

இசெகாய் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியாக வேண்டும். நம் உலகத்து ஆள் வேறு உலகில் போய் விழும் கதை. 1990-களின் ட்வெல்வ் கிங்டம்ஸ் நாவல்களிலிருந்து 2002-ல் வந்த தொடரில், அப்படிப் போன பெண் பசியையும் துரோகத்தையும் தாண்டித்தான் ஆளாகிறாள். பிறகு, யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் பதிவேற்றும் ஷோசெத்சுகா நி நாரோ தளத்திலிருந்து நாவல்கள் அனிமேவாக வரத் தொடங்கின. அந்தத் தளத்தின் தரவரிசையில் மேலே வர, தலைப்பிலேயே முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது, நாயகனுக்கு முதல் நாளே எல்லா சக்தியும் கிடைக்க வேண்டியிருந்தது. ரீ:ஸீரோ போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பருவத்துக்குப் பருவம் வந்து குவிவதில் பெரும்பாலானவை ஒன்றின் நகல் இன்னொன்று. கற்பனை உலகம்தான் வேண்டும் என்றால் ஃப்ரீரென் பாருங்கள். அசுர ராஜாவைக் கொன்று முடித்தபிறகு தொடங்கும் கதை அது. ஆயிரம் ஆண்டுக்குமேல் வாழும் எல்ஃப் என்ற மாய இனத்துப் பெண் ஒருத்தி, தன்னோடு பத்து ஆண்டு பயணித்த மனிதனை அவன் இறந்தபிறகுதான் புரிந்துகொள்ளத் தொடங்குகிறாள்.

திகில், துப்பறிதல், காதல், இசை என்று இன்னும் நிறைய இருக்கின்றன. துப்பறிதலில் மான்ஸ்டர் ஒன்று போதும், 74 எபிசோடும் பிடித்து உட்கார வைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது தமிழ் டப்பிங்கில் அனிமே வருவது பெரிய விஷயம், உழைக்கும் குரல் கலைஞர்களுக்கு நன்றி. ஆனால் என் கண்ணில் படுபவை பெரும்பாலும் சண்டைத் தொடர்கள்தான். முஷிஷியும் சிஹாயாஃபுருவும் ஹைடியும் நல்ல தமிழில் வர வேண்டும், அதற்கு நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை யாராவது "எதுல ஆரம்பிக்கட்டும்?" என்றால், "உங்களுக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும்?" என்று முதலில் கேளுங்கள். இங்கேயே கமெண்டில் சொன்னாலும் சரி, ஒவ்வொருவருக்கும் ஏற்ற ஒரு தொடரை நான் சொல்கிறேன்.