மாசம் பத்து கிலோன்னு சொல்றவங்க முதல்ல கணக்கப் போட்டுக் காட்டுங்க

"30 நாளில் 10 கிலோ எடை குறைக்கலாம்." பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஒட்டியிருக்கு, போனைத் திறந்தா வருது, இப்ப பையைத் தூக்கிக்கிட்டு தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கே வந்து சொல்றாங்க. கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கிட்டு வருது. விளம்பரம்னா அப்படித்தான்னு விட்டுட்டுப் போக ஏலாது. இதை நம்புறவங்க, உண்மையிலேயே எடை குறைஞ்சுக்கிட்டு வரும்போதே "எனக்கு ஒண்ணும் குறையல"ன்னு மனசு ஒடிஞ்சு நிப்பாட்டிடுறாங்க. என் கண்ணு முன்னால நடந்தது அதுதான்.

எங்க சித்திக்குச் சீனி வருத்தம், அதான் நீரிழிவு. இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. கிளினிக்ல டாக்டர் நிதானமா விளங்கப்படுத்தினாரு: "ஆறு மாசத்துல அஞ்சு கிலோ குறைச்சா போதும்மா, அவசரப்பட வேணாம்." சித்தி கேட்டாங்க. உள்ளங்கையில சீனியைக் கொட்டி, நக்கி நக்கி பிளேன்டீ குடிக்கிறது அவங்களுக்குச் சின்ன வயசுப் பழக்கம். விடிகாலை பனியில மலைக்குக் கிளம்ப முந்தி அந்த இனிப்புதான் தெம்புன்னு சொல்லுவாங்க. அதையே விட்டாங்க. ராத்திரிக்கு மூணு ரொட்டி ரெண்டாச்சு; சம்பல் மட்டும் இருந்த தட்டுல பருப்பும் கீரையும் வந்துச்சு. ரெண்டு மாசம் போல கழிச்சு கிளினிக் தராசுல ஏறினா ரெண்டரை கிலோ குறைஞ்சிருக்கு. வெறும் வயித்துல பார்த்த சீனியும் இறங்கியிருக்கு. அந்த கிளினிக் கொப்பியை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்து விரிச்சுக் காட்டினாங்க. அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நிக்கல. தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில யாரோ கேட்டிருக்காங்க: "ரெண்டு மாசமா வாயைக் கட்டி இவ்வளவுதானா? மெலியுற பவுடர் குடிக்கிறவ ஒரே வாரத்துல நாலு கிலோ இறங்கிட்டாளே!" அவ்வளவுதான். கொப்பி அலமாரிக்குள்ள போயிருச்சு, பவுடர் டப்பா வந்துருச்சு. அந்த டப்பாவை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ள என்ன இருக்குன்னு தமிழ்லயும் இல்ல, சிங்களத்துலயும் இல்ல. பெரிய எழுத்துல ஒல்லியான ஒரு பொம்பளையோட படம்தான். விலை, சித்தி பாதி மாசம் மலையில நின்னு சம்பாதிக்கிற சல்லி.

ரெண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலா அதைக் கரைச்சுக் குடிச்சிருக்காங்க, சீனி மாத்திரையை மட்டும் வழமை போலப் போட்டுக்கிட்டு. கிளிக்ளசைட் மாதிரி மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சீனியை இறக்கும். வயித்துல ஒண்ணும் இல்லாம அதைப் போட்டா என்ன ஆகும்? ஒருநாள் தேயிலை நிரையில நிக்கும்போதே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கூடையோட சரிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. பக்கத்து நிரையில நின்ன அக்கா போத்தல்ல இருந்த இனிப்புத் தேத்தண்ணியை வாயில வச்சதால தப்பிச்சாங்க. அந்தச் சரிவுல உருண்டிருந்தா? பவுடர் வித்தவங்ககிட்ட போய்க் கேட்டேன். "உடம்புல உள்ள கெட்டது வெளியேறுது அக்கா, தொடர்ந்து குடிக்கச் சொல்லுங்க"ன்னு பதில். அன்னைக்கு வந்த கோபம் இன்னும் ஆறல.

சரி, கணக்குக்கு வாங்க. ஒரு கிலோ கொழுப்புல கிட்டத்தட்ட 7,700 கலோரி இருக்கு. பத்து கிலோன்னா 77,000. அதை 30 நாள்ல கரைக்கணும்னா ஒரு நாளைக்கு 2,500க்கு மேல பற்றாக்குறை வேணும். பெரும்பாலான பொம்பளைங்களுக்கு ஒரு நாள் முழுக்க மூச்சு விட, நடக்க, வேலை செய்யச் செலவாகிறதே ஏறக்குறைய 2,000தான். அதாவது 30 நாளும் பச்சத் தண்ணி மட்டும் குடிச்சுக் கிடந்தாலும் பத்து கிலோ கொழுப்பு கரையாது. இந்தச் சின்னக் கணக்கைக்கூடப் போடாமலா வியாபாரம் பண்றாங்க? போட்டிருப்பாங்க. தெரிஞ்சேதான் ஏமாத்துறாங்க.

அப்ப அந்த நாலு கிலோ எங்க போச்சுன்னு கேட்பீங்க. பெரும்பகுதி தண்ணி. நம்ம ஈரலும் தசையும் மாச்சத்தைச் சேமிச்சு வைக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் மூணு கிராம் அளவுக்குத் தண்ணியையும் சேர்த்தே வைக்கும். சோறு, ரொட்டியைத் திடீர்னு நிப்பாட்டினா அந்தச் சேமிப்புக் காலியாகி, தண்ணியும் வெளியே போயிரும். தராசு இறங்கும். திரும்ப ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிச்சதும் தண்ணி திரும்பி வந்துரும், தராசும் ஏறும். 'மெலிவுத் தேநீர்'னு விக்கிறதுல பலதுல சென்னா இலை. அது பேதி மருந்து. வயித்தைக் கழுவி விட்டு எடையைக் காட்டுறது. இடுப்புல பெல்ட் கட்டி வேர்க்க வைக்கிறதும் தண்ணியைத்தான் இறக்குது.

இதை விடப் பயங்கரமும் இருக்கு. சிபுட்ராமின்னு ஒரு பசியடக்கி மருந்து. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுதுன்னு 2010ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் சந்தையை விட்டு எடுத்தாங்க. அதுக்குப் பிறகும் 'முழுக்க மூலிகை'ன்னு வித்த மெலிவு மாத்திரைகளுக்குள்ள அதை ஒளிச்சு வச்சிருந்தது உலகம் பூரா திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கு. இரத்த அழுத்தம் இருக்கிற ஒரு அம்மா, என்ன ஏதுன்னு தெரியாம அதை விழுங்கினா யாரு பொறுப்பு?

அவசரமா இறக்கினா தசையும் சேர்ந்து கரையும். பித்தப்பையில கல் வரலாம். ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தாக் கொட்டும், அப்ப பவுடர் வித்த ஆள் போனைக்கூட எடுக்காது.

நடக்கக்கூடியது எவ்வளவு? வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ. பலருக்கு அரை கிலோவுக்கும் கீழதான் போகும், அதுவும் சரியான வேகம்தான். அரை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 550 கலோரி போலக் குறையணும். மூணு தேக்கரண்டி சீனி போட்டு அஞ்சு தேத்தண்ணி குடிக்கிற ஆளு சீனியை விட்டாலே 250 கிட்ட வந்துரும். ஒரு நல்ல தடிச்ச தேங்காய் ரொட்டி குறைஞ்சா மிச்சமும் வந்துரும். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையும் குறையும், அதனால மூணாம் நாலாம் மாசத்துல வேகம் தணியும். மாதவிலக்கு நாட்கள்ல தண்ணி தேங்கி ஒரு கிலோ கூடியும் காட்டும். அதெல்லாம் தோல்வி இல்ல, உடம்போட இயல்பு. தினம் தினம் தராசுல ஏறி அழ வேணாம்.

அஞ்சு கிலோவால என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2002ல அமெரிக்காவுல வெளிவந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வுல, சீனி வர்ற விளிம்புல நின்னவங்களுக்குக் குடுத்த இலக்கே உடம்பு எடையில 7 வீதம்தான், அதுவும் ஆறு மாசத்துல. 70 கிலோ ஆளுக்கு அஞ்சு கிலோ. கூட வாரத்துக்கு 150 நிமிஷ நடை. அப்படி வாழ்க்கையை மாத்திக்கிட்ட கூட்டத்துல புதுசாச் சீனி வர்றது 58 வீதம் குறைஞ்சுது. எங்க சித்தி டாக்டர் சொன்ன அஞ்சு கிலோவுல பாதி வழி வந்திருந்தாங்க. அவங்களைத்தான் "இவ்வளவுதானா"ன்னு கேட்டு விழுத்தினீங்க.

இன்னொரு கதை வேற: "நாள் முழுக்க மலை ஏறி இறங்குறவளுக்கு எப்படி உடம்பு போடும்? களவாத் தின்னுவா." வாய் கூசாதா? காலையில கோதுமை மா, பகல் கோதுமை மா, ராத்திரி ரொட்டியோ சோறோ, நடுவுல சீனித் தண்ணி. முட்டையும் மீனும் சம்பள நாளைக்கு. மலிவா வயிறு நிறையிறது மாவும் சீனியும் எண்ணெயும்தான். 2016ல இலங்கையில எடுத்த கணக்கெடுப்புல தோட்டப் பகுதியில அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைங்கள்ல மூணுல ஒண்ணு வயசுக்கேத்த வளர்த்தி இல்லாம இருந்துச்சு. அந்த வீடுகள்ல பிள்ளைக்கு முட்டை வாங்க வேண்டிய சல்லிதான் பவுடர் டப்பாவுக்குப் போகுது. இதுதான் எனக்குத் தாங்கவே ஏலாம இருக்கு.

கல்யாணம் பேசின பிள்ளைங்களைப் படுத்துறது அடுத்த கொடுமை. ஆவணியில முகூர்த்தத்தை வச்சுக்கிட்டு ஆடியில "சாரிக்கு அழகா இருக்கணும், பத்து கிலோ இறக்கு"ன்னு மாமியாரும் அத்தையும் நிக்கிறாங்க. அந்தப் பிள்ளை மயங்கி மயங்கி மணவறையில உட்காரும். சட்டையைக் கொஞ்சம் பெருசாத் தைக்கச் சொன்னா என்ன குறைஞ்சிடும்?

சித்தி திரும்ப கிளினிக் போறாங்க. டாக்டர் ஏசல, மாத்திரை அளவைப் பார்த்துக் குடுத்துட்டு, விட்ட இடத்துல இருந்து தொடங்கச் சொல்லியிருக்காரு. பீலிக்கரையில அவங்களைப் பார்த்தா எத்தனை கிலோன்னு கேட்காதீங்க. கேட்கத்தான் வேணும்னா சீனி எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. தோட்டத்துப் போன் குரூப்பை நடத்துற தம்பிமாரே, அந்த 30 நாள் விளம்பர நோட்டீஸ் குரூப்புல இன்னும் மேல கிடக்கு. இன்னைக்கே அழிச்சு விடுங்க.